குடித்தவர் கையில் வண்டிச் சாவி போகாமல் பார்க்க: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நம்ம ஊர்ப் பையன்கள் போதையில் வண்டி ஓட்டுவதை எப்படியாவது நிறுத்தணும்" என்று நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 87-ஐ ஒட்டிய எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து இந்த வேலையைச் செய்துவருகிறோம். தொடங்கியபோது எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளோடு போவது என்று சொல்ல ஆளில்லை. ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. அங்கே போனால் "இது எங்க வேலை இல்லையே" என்றார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியை நிறுத்துவது பெரிய வேலை, அதற்கு வேறு ஆட்கள் வேண்டும். இந்தக் குழுவின் வேலை சின்னது: குடித்தவர் வண்டியைக் கிளப்பாமல் வீடு போய்ச் சேர வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கையில் எடுத்த குழுக்கள் சில மாதங்களில் கலைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். குடிப்பவர் பகையாகிவிடுவார், அவர் வீட்டாரும் ஒதுங்கிவிடுவார்கள். யார் போதையில் கிளம்புகிறார் என்று நமக்குச் சொல்ல வேண்டியவர்களே அந்த வீட்டார்தான்.

1. சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். கஞ்சா போன்ற போதைப்பொருளின் பிடியில் வண்டியைச் சரியாகக் கையாள முடியாத நிலையில் ஓட்டினாலும் இதே பிரிவுதான். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்தையும் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். வேன், லோடு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அபராதத்தைவிட அதுதான் பெரிய அடி.

போதையில் இருப்பவர் என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்து அனுப்பியவர்மீதும் பிரிவு 188-இன் கீழ் வழக்கு வரலாம். வண்டி முதலாளிகளிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். 18 வயது ஆகாத பையன் ஓட்டினால் பிரிவு 199ஏ: பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. உயிர்ச்சேதம் ஆகிவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 106 வரும். அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

ஆனால் ஊரில் பேசும்போது சிறையைவிட இன்சூரன்ஸ் பேச்சுதான் காதில் ஏறுகிறது. போதையில் ஓட்டி விபத்தானால் சொந்த வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வராது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் கிடைக்காது. போதையில் ஓட்டிச் செத்தவர் வீட்டுக்குச் சல்லிக்காசு இல்லை என்று அர்த்தம். இதைப் பெண்கள் கூட்டத்தில் சொன்ன அன்றுதான் எங்கள் குழுவுக்குப் பாதி ஆட்கள் கிடைத்தார்கள்.

2. யாரைச் சேர்ப்பது

ஏழெட்டுப் பேர் போதும். ஆனால் இவர்கள் கட்டாயம் வேண்டும்: ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர், படகு உரிமையாளர் ஒருவர், மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து குறைந்தது இரண்டு பேர், கோயில் கமிட்டி, ஜமாஅத், தேவாலயப் பங்கு என ஊரில் எது எது உண்டோ அங்கெல்லாம் இருந்து ஆளுக்கு ஒருவர். முன்பு குடித்து இப்போது விட்டவர் ஒருவர் கிடைத்தால் பெரிய பலம். அவர் பேச்சை மற்றவர் கேட்பார்கள்.

கட்சிப் பொறுப்பில் இருப்பவர் வரலாம், கட்சிக்கொடி வரக்கூடாது. ஒரே தெருக்காரர்கள் மட்டும், ஒரே சமூகத்தார் மட்டும் சேர்ந்த குழு இந்தப் பக்கம் நிற்காது. "எங்க ஆளை மட்டும் குறிவைக்கிறாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பினால் அதோடு முடிந்தது. அதே போல, மீனவர்தான் குடிக்கிறார் என்ற பேச்சையும் முதல் கூட்டத்திலேயே நிறுத்திவிடுங்கள். இந்தச் சாலையில் சுற்றுலா வருபவர், கல்யாணத்துக்கு வந்தவர், காண்ட்ராக்டர், சம்பளக்காரர் எல்லாருமே போதையில் ஓட்டுகிறார்கள்.

பதிவு செய்ய வேண்டுமா? தொடக்கத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். உறுப்பினர் 20 பேரை எட்டினாலோ ஆண்டு வரவு செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். அதுவரை ஊர்க்கமிட்டியின் ஒரு பிரிவாகவோ மகளிர் குழுக் கூட்டமைப்பின் துணையோடோ நடத்துங்கள். பணத்தைத் தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கில் மட்டும் போடவே கூடாது.

3. ஒரு நோட்டு போடுங்கள்

அலுவலகத்தில் "விபத்து நிறைய நடக்குது சார்" என்று சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். நோட்டைக் காட்டினால் உட்காரச் சொல்வார்கள். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி ஐந்து பத்தி போடுங்கள்: தேதி, நேரம், இடம், என்ன வண்டி, என்ன ஆனது. விழுந்து எழுந்து போனதையும் எழுதுங்கள். பெயர் எழுதாதீர்கள். அந்த நோட்டு ஊரில் யார் கையில் போனாலும் ஒருவருக்கும் தலைக்குனிவு வரக்கூடாது.

இரண்டு மாதம் எழுதினாலே சங்கதி தெரிந்துவிடும். எந்தத் திருப்பம், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. கடை மூடியபின் வரும் நேரத்தைத் தனியாகப் பாருங்கள். ராமேசுவரம், மண்டபம் பக்கம் விசைப்படகு கரைக்கு வந்து மீனை ஏலம் போட்டு, கணக்குப் பார்த்துப் பங்கு பிரிக்கும் நாளைத் தனியாகக் குறியுங்கள். மறுநாள் கடை விடுமுறை என்றால், உதாரணமாகத் திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதற்கு முந்தைய மாலையையும் விடுமுறை நாளில் நடக்கும் சந்துக்கடை (கள்ளத்தனமாக மது விற்கும் இடம்) வியாபாரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு தகவல் உரிமை மனுவும் போடுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்கள் காவல் நிலைய எல்லையில் கடந்த மூன்று ஆண்டுகளில் பிரிவு 185-இன் கீழ் பதிவான வழக்குகள், மாத வாரியாக" என்றும், "சாலை விபத்துகள், இடம் வாரியாக" என்றும் கேளுங்கள். "ஏன்" என்று தொடங்கும் கேள்வி கேட்காதீர்கள். பதிவேட்டில் இருக்கும் தகவலைத்தான் தருவார்கள், காரணம் கேட்டால் மனுவையே தள்ளிவிடுவார்கள்.

4. கிராம சபைத் தீர்மானம்

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சிக்குத் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கூட்டம் நடந்தாக வேண்டும். கூட்டத்துக்குப் பத்து நாளாவது முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்து, பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். கூட்டத்தில் எழுந்து பேசினால் மட்டும் போதும் என்று நினைத்தால், பேச்சு காற்றோடு போய்விடும்.

ராமேசுவரம், கீழக்கரை போன்ற நகராட்சிகளிலும் மண்டபம், தொண்டி, சாயல்குடி போன்ற பேரூராட்சிகளிலும் கிராம சபை கிடையாது. நகராட்சியில் பகுதி சபையிலோ வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்திலோ வையுங்கள். பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சிகள் என்பதால் அங்கே கிராம சபைதான்.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "மதுக்கடையை மூடு" என்று ஒரே வரியில் தீர்மானம் போட்டால் அது ஆட்சியர் அலுவலகக் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடச் சொல்வது நியாயம்தான், அதற்குத் தனித் தீர்மானம் போடுங்கள். 2003-ஆம் ஆண்டு சில்லறை மது விற்பனை விதிகளில் பள்ளி, வழிபாட்டுத் தலத்திலிருந்து தூரம் சொல்லியிருக்கிறது: ஊராட்சி, பேரூராட்சிப் பகுதியில் 100 மீட்டர், நகராட்சியில் 50 மீட்டர். அந்தத் தூரத்தை அளந்து வரைபடத்தோடு கொடுத்தால் மனுவுக்கு எடை இருக்கும். நம் குழு வேலைக்கு, ஊராட்சியே செய்யக்கூடியதைக் கேளுங்கள்: நோட்டில் குறித்த திருப்பத்தில் தெருவிளக்கு, மீன் இறங்கும் இடத்தில் இரவு வண்டி நிறுத்த வெளிச்சமுள்ள ஓர் இடம், அங்கே ஒரு கூரை. இவற்றுக்கு மேலிடம் போக வேண்டியதில்லை.

வேகத்தடை கேட்டு ஊராட்சியில் நிற்காதீர்கள். நெடுஞ்சாலை அவர்கள் கையில் இல்லை. அதைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். காவல் துறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் நெடுஞ்சாலைத் துறையும் அங்கே ஒரே மேசையில் உட்காருகிறார்கள். மனுவின் தலைப்பிலேயே "மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டப் பொருளில் சேர்க்க" என்று எழுதுங்கள்.

கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையையும் (கோரம்) பார்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சி மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை என்றால் 200 பேர் வந்திருக்க வேண்டும். மகளிர் குழுக்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் இந்தப் பிரச்சினை வராது. கூட்டம் முடிந்ததும் தீர்மான நகல் கேட்டு எழுத்தில் கொடுங்கள்.

5. காவல் நிலையத்தில் என்ன கேட்பது, என்ன செய்யக்கூடாது

ஆய்வாளரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பேர் போதும், கூட்டமாகப் போகாதீர்கள். கொண்டுபோக வேண்டியவை: உறுப்பினர் பட்டியல், ஆதார் நகல்கள், கிராம சபைத் தீர்மான நகல், நோட்டின் நகல், ஒரு பக்க மனு. மனு ரசீது கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் அதை சி.எஸ்.ஆர். என்பார்கள். உங்கள் ஊருக்குப் பொறுப்பான காவலர் யார் என்று கேட்டு, அவர் எண்ணைக் குழுவில் எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் தெரிந்த இடத்திலும் நேரத்திலும் மூச்சுச் சோதனை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். "அடிக்கடி சோதனை பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட "ஞாயிறு இரவு 9 முதல் 11 வரை, இந்த வளைவில்" என்று சொல்வது வேலை நடக்கிற வழி.

இனி, செய்யக்கூடாதவை. இவை உங்கள் குழுவையே சிறைக்கு அனுப்பக்கூடியவை என்பதால் நிதானமாகப் படியுங்கள்.

சாலையில் நின்று வண்டியை மறிக்காதீர்கள். வண்டியை நிறுத்தி ஊதச் சொல்லும் அதிகாரம் சீருடையில் இருக்கும் காவலருக்கும் அதற்கு அதிகாரம் பெற்ற போக்குவரத்துத் துறை அலுவலருக்கும் மட்டுமே. இணையத்தில் விற்கும் மூச்சுச் சோதனைக் கருவியை வாங்கி நீங்களே பிறரை ஊதவைப்பதும் தப்பு. சாவியை வலுக்கட்டாயமாகப் பிடுங்காதீர்கள், கேட்டு வாங்குங்கள். கொடுக்காமல் கிளம்பிவிட்டால் 112-க்கோ 100-க்கோ அழைத்து வண்டி எண்ணையும் போகும் திசையையும் சொல்லுங்கள்.

போதையில் கிடப்பவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது எல்லாவற்றையும்விட மோசம். நம் ஊர்களில் ஒரு படத்தால் இரண்டு தெரு மோதிக்கொள்ளும். இதைச் செய்தவரைக் குழுவிலிருந்து அன்றைக்கே நீக்குவது என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

விழிப்புணர்வு ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பிளக்ஸ் பலகைக்கும் முன் அனுமதி வேண்டும். நம் மாவட்டத்தில் செப்டம்பர் 11 (இமானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் குருபூஜை) ஆகிய நாள்களை ஒட்டித் தடை உத்தரவு போடுவது வழக்கம். ஆகவே அந்த இரண்டு மாதமும் ஊர்வலம், கூட்டம் எதையும் வைக்காதீர்கள். ஜனவரி சாலைப் பாதுகாப்பு மாதம். அப்போது காவல் துறையும் போக்குவரத்து அலுவலகமும் தாங்களே நிகழ்ச்சி நடத்த இடம் தேடுவார்கள்.

6. வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு

இதுதான் உயிர்நாடி. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் பலன் உண்டு.

குடித்தவர் ஏன் வண்டியை எடுக்கிறார் என்று நிதானமான நேரத்தில் பலரிடம் கேட்டோம். "எனக்குப் போதை ஏறாது" என்று சொன்னவர்கள் சிலர்தான். நிறையப் பேர் சொன்ன காரணம், "வண்டியை எங்கே விட்டுட்டுப் போறது?" என்பது. கடைப் பக்கம் விட்டால் பெட்ரோலை உறிஞ்சிவிடுவார்கள், பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். அடுத்த காரணம், விடியுமுன் கரைக்குப் போக வண்டி வேண்டும் என்பது. மூன்றாவது, வண்டி இல்லாமல் வீட்டுக்குப் போனால் குடித்தது தெரிந்துவிடும் என்ற கூச்சம். இந்த மூன்றுக்கும் வழி செய்துவிட்டால் சாவி தானாகக் கைக்கு வரும். அறிவுரை சொல்லிச் சாவி வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

முதலில் வண்டி நிறுத்த ஓர் இடம். வெளிச்சம் வேண்டும், இரவு முழுக்க ஆள் இருக்க வேண்டும். ஐஸ் கம்பெனி வாசல், மீன் ஏலக்கூடம், இரவில் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க், ஊர்ப் பொது மண்டபம் என்று எதாவது ஒன்று அமையும். இடத்தின் உரிமையாளரிடம் வாய்வார்த்தையாக இல்லாமல் ஒரு தாளில் சம்மதம் வாங்குங்கள். வண்டிக்கு எண் போட்ட டோக்கன் கொடுங்கள், பாதி சாவியோடு, பாதி அவரோடு. டோக்கனுக்குக் காசு வாங்காதீர்கள்; காசு வாங்கினால் வண்டிக்கு நீங்கள் பொறுப்பு என்ற சண்டை வரும்.

அடுத்து ஆட்டோ. ஸ்டாண்டில் இரவு 9 முதல் 12 வரை இருக்கச் சம்மதிப்பவர்களின் பட்டியல் எடுத்து, எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, ஏலக்கூடச் சுவரில் எழுதிவிடுங்கள். போதையில் இருப்பவரிடம் அதிகம் கேட்டால் அவர் அடுத்த முறை வரமாட்டார். வாடகையை மறுநாள் வசூலிக்கும் வழியும் வேண்டும். எங்கள் ஊரில் படகு உரிமையாளர்கள் தங்கள் ஆள்களுக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பங்கில் கழித்துக்கொள்கிறார்கள். வேறு ஊரில் கோயிலுக்கும் ஊருக்கும் ஒதுக்கும் பணத்திலிருந்து தரலாம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இரக்கப்பட்டுச் சொந்தக் காரில் ஏற்றிப்போவது நல்ல காரியம். ஆனால் அதற்கு வாடகையோ பெட்ரோல் காசோ வாங்கிவிட்டால் வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகிவிடும். வழியில் விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். காசு வாங்கினால் மஞ்சள் பலகை, சொந்த வண்டி என்றால் இலவசம். நடுவழி எதுவும் வேண்டாம்.

விடியுமுன் வண்டி வேண்டும் என்பவருக்காக, உரிமம் உள்ள ஒருவர் அவர் வண்டியை ஆட்டோவின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டுபோய் வீட்டில் விடலாம். வண்டிக்கு நடப்பு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள், ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள், வீட்டில் உள்ளவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் திரும்பக் கிளம்பிவிடுவார்.

கல்யாணம், காதுகுத்து, சடங்கு, துக்க வீடு, கந்தூரி, கோயில் கொடை: இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகவே வீட்டுப் பெரியவரைப் பார்த்து, "சாவிப் பெட்டி ஒன்று வைக்கிறோம்" என்று சொல்லுங்கள். பந்தல் வாசலில் வைக்காதீர்கள், விருந்தாளி முகம் சுளிப்பார். வண்டி நிறுத்தும் இடத்தில், அந்த வீட்டு உறவுக்காரர் ஒருவரையே பக்கத்தில் உட்காரவையுங்கள். "மாமா, சாவியைக் குடுங்க, சாப்பிட்டுட்டு வாங்க" என்று மருமகன் கேட்டால் கொடுப்பவர், குழுக்காரர் கேட்டால் முறைப்பார்.

வீட்டுப் பெண்கள் அழைக்க ஓர் எண் வேண்டும். அதை ஒரு பெண்ணே எடுக்க வேண்டும். அழைத்தது யார் என்பது அந்த ஒருவரைத் தாண்டி வேறு யாருக்கும் போகக்கூடாது. ஒரு முறை வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் அடி விழும். ஆகவே இந்த வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள்.

7. மறுநாள் காலைக் கணக்கு

இதை யாரும் யோசிப்பதில்லை. 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதை முழுவதும் குடித்தால் ரத்தத்தில் அளவு 130 மில்லிகிராமைத் தாண்டும். உடம்பு அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் இறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30-க்குக் கீழே வர ஏறக்குறைய ஏழு மணி நேரம். இரவு 10 மணிக்குக் குடித்து முடித்தவர் காலை 4 மணிக்கு மீன் வண்டியை எடுத்தால், தூங்கி எழுந்திருந்தாலும் சட்டப்படி அவர் போதையில்தான் இருக்கிறார். இரண்டு குவார்ட்டர் என்றால் மறுநாள் பிற்பகல் 2 மணி தாண்டும் வரை வண்டியைத் தொடக்கூடாது.

எலுமிச்சைச் சாறு, மோர், கடுங்காப்பி, தலைக்குக் குளியல், வாந்தி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. தெளிந்த மாதிரித் தோன்றும், அவ்வளவுதான். மதுரைக்கும் கேரளாவுக்கும் மீன் ஏற்றும் வண்டி முதலாளிகளிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். நாளைக் காலை ஓட்டுபவர் யார் என்று முந்தைய நாள் மாலையே முடிவு செய்து, அவரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

8. கஞ்சா, மாத்திரை

ஊதும் கருவி ஆல்கஹாலை மட்டும்தான் காட்டும். கஞ்சா இழுத்தவரும் போதை மாத்திரை போட்டவரும் ஊதினால் சுழிதான் வரும். பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் காவலர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ரத்தச் சோதனை எடுக்க வேண்டும். நீங்கள் தகவல் சொல்லும்போது "சாராய வாடை இல்லை, ஆனால் நிதானம் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

விற்பவரைப் பிடிப்பது உங்கள் வேலை இல்லை, நெருங்காதீர்கள். இந்தக் கடற்கரையில் அதன் பின்னால் இருப்பவர்கள் சின்ன ஆட்கள் இல்லை. 10581 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, போதைப்பொருள் தடுப்புக்கான 1933 என்ற தேசிய எண்ணிலோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சந்துக்கடை பற்றியும் 10581-இல் சொல்லலாம். பள்ளி, கல்லூரியில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் இருக்கும். பொறுப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள்.

சளிக்கும் அரிப்புக்கும் கடல் வாந்திக்கும் போடும் சில மாத்திரைகளும் கண்ணைச் சொருகவைக்கும். மருந்துக் கடையில் "வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை ஊரில் கொண்டுவாருங்கள். அதோடு மதுவும் சேர்ந்தால் இரட்டை ஆபத்து.

விட நினைப்பவருக்கு 14446 என்ற கட்டணமில்லா ஆலோசனை எண் இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். தினமும் நிறையக் குடித்தவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தவைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

9. விபத்து நடந்துவிட்டால்

108-க்கு அழையுங்கள். கிலோமீட்டர் கல் எண்ணையோ பக்கத்துக் கோயில், பள்ளி பெயரையோ சொல்லுங்கள். அடிபட்டவரைத் தூக்கியவரைக் காவல் நிலையத்துக்கு இழுப்பார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134ஏ உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, சாட்சியாக வரச் சொல்லியும் கட்டாயப்படுத்தக் கூடாது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் உண்டு, எந்த மாநிலத்தவருக்கும் உண்டு. பணத்துக்கு ஓடிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

எதிர் வண்டிக்காரர் போதையில் இருந்ததாகத் தோன்றினால், அவருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லி அந்த நேரத்திலேயே காவலரிடம் எழுத்தில் கேளுங்கள். பிரிவு 185-இல் கைது செய்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ரத்தத்தில் அளவு இறங்கிவிடும், பாதிக்கப்பட்ட வீட்டின் வழக்கும் பலவீனமாகிவிடும்.

10. செலவும் காலமும்

தொடங்கப் பெரிய பணம் வேண்டாம். நோட்டு, நகல், பதிவுத் தபால், டோக்கன், சுவர் எழுத்து எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். டி-சர்ட், தொப்பி, மேடை என்று இழுத்தால்தான் செலவு. அதையெல்லாம் தவிர்த்துவிட்டு, கையில் இருக்கும் பணத்தை ஆட்டோ வாடகை பாக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க ஏற்ற காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகு ஆட்கள் கரையில் இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். மே 1 கிராம சபையும் நடுவில் வரும். பிப்ரவரியில் நோட்டு தொடங்கினால் ஏப்ரலுக்குள் கணக்கு கையில் இருக்கும், மே 1-இல் தீர்மானம், ஜூன் 14-க்குள் வண்டி நிறுத்தும் இடமும் ஆட்டோ பட்டியலும். படகுகள் கடலுக்குத் திரும்பும்போது ஏற்பாடு தயாராக இருக்கும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறும் வாரத்தில் மட்டும் இரவு ஆட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கும், கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் வரும் காலத்துக்கும், ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் வெளியூர் வண்டிகள் குவியும். அந்த ஓட்டுநர்களுக்கு நம் ஏற்பாடு எதுவும் தெரியாது. தங்கும் விடுதி, வாகன நிறுத்துமிடம் இரண்டிலும் ஆட்டோ எண்களை ஒட்டிவையுங்கள். தமிழோடு தெலுங்கிலும் இந்தியிலும் எழுதினால் நல்லது. கடற்காற்றில் தாள் ஒரு மாதம்கூடத் தாங்காது, ஆகவே பெயின்ட்டில் எழுதுங்கள். ஆட்டோக்காரர் எண் மாற்றினால் அன்றே திருத்துங்கள்.